பழைய பிங்கோ மெஷினை வாங்கலாமா?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சரோஜாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது யார் துணையும் இல்லாமல் மாடி ஏறுகிறாள். சிகாகோவில் குளிர் மட்டும்தான் விடமாட்டேன் என்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆன்ட்வெர்ப்பில் உன் தெரு முனையில் கஃபேயை மூடுகிறவர், காசு போட்டுப் பந்து விட்டு ஆடும் அந்தப் பழைய பாலி கம்பெனி பிங்கோ மெஷினைத் தருகிறேன் என்றால், யோசிக்காமல் வாங்கிக்கொள். ஆனால் நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கில் வாங்காதே. பந்தைத் தட்டி மேலே அனுப்பும் ஃபிளிப்பர் கைகள் வைத்த பின்பால் மெஷினைத் தேடி வருகிற கூட்டம் இதைத் தேடி வருவதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு. உனக்கு ரிலே சுவிட்சும் வயரிங்கும் பழகிய கை. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆடிப் பார்த்திருக்க மாட்டாய். இதில் ஃபிளிப்பரே கிடையாது. சரிந்த பலகையில் 25 குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பந்து விழுந்த குழியின் எண், எதிரே படம் வரைந்த கண்ணாடியில் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எரியும். ஐந்து பந்துகளுக்குள் மூன்றோ நான்கோ ஐந்தோ ஒரே வரிசையில் எரிந்தால் இலவச ஆட்டங்கள் ஏறும். நம் கையில் இருப்பது மெஷினை லேசாகத் தள்ளி, பந்தைப் பக்கத்துக் குழிக்குப் போக வைப்பது மட்டும்தான். கொஞ்சம் மிஞ்சித் தள்ளினால் 'டில்ட்' என்று மெஷின் நின்றுவிடும், ஆட்டம் போச்சு. பந்தை விடும் முன்பே காசு மேல் காசு போடலாம். ஒவ்வொரு காசுக்கும் பரிசு கூடலாம், கூடாமலும் போகலாம். ஆளைப் பிடித்து வைப்பது அந்த இடம்தான்.

இது பிறந்த கதையும் சூதாட்டத்தை ஒட்டியதுதான். 1951-ல், காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை போட்டு ஜான்சன் சட்டம் வந்தது. அதே வருடம் இங்கே சிகாகோவில் பாலி கம்பெனியின் டான் ஹூக்கர் அந்தக் கம்பெனியின் முதல் பிங்கோவான 'பிரைட் லைட்ஸ்'ஸை வடிவமைத்தார். யுனைடெட் கம்பெனியும் அந்த வருடமே 'ஏபிசி' என்ற பிங்கோவை இறக்கியது. மெஷின் காசு கொட்டாது, இலவச ஆட்டம்தான் தரும். சேர்ந்த ஆட்டங்களுக்குக் கடைக்காரர் கல்லாவிலிருந்து பணம் கொடுத்துவிட்டு, ஆட்டங்களை எண்ணும் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிடுவார். 1957-ல் கோர்பான் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இதுவும் சூதாட்ட மெஷின்தான், வருடத்துக்கு 250 டாலர் வரி கட்டு என்றது. 1962-ல் ஜான்சன் சட்டத்தையும் விரித்து இவற்றை உள்ளே இழுத்தார்கள். இங்கே வியாபாரம் படுத்தது. உங்கள் பெல்ஜியத்து கஃபேக்கள்தான் அதற்கு அப்புறமும் இதைத் தாங்கின. பெல்ஜியத்தின் 1999 சூதாட்டச் சட்டத்தில்கூட ஒரு கஃபேக்கு இரண்டு மெஷின் என்று இடம் விட்டிருக்கிறார்கள். வீட்டில் வைக்க என்ன விதி என்று மட்டும் விசாரித்துக்கொள்.

எனக்கு இதன் மேல் இருக்கிற பிரியம் ஆட்டத்தால் வந்ததல்ல. பின்கதவைத் திறந்து பார், புரியும். சிப் ஒன்றுகூடக் கிடையாது. ரிலேக்கள், படிப்படியாக நகரும் ஸ்டெப்பர்கள், மோட்டாரில் சுழன்று சுவிட்சுகளைத் தட்டும் கேம் சக்கரங்கள். எந்தக் காசுக்குப் பரிசு ஏற வேண்டும் என்பதைச் சுழலும் தட்டுகளே முடிவு செய்கின்றன. ரிஃப்ளெக்ஸ் என்று ஒரு யூனிட் உண்டு. மெஷின் நிறையக் கொடுத்துவிட்டால் அது கையை இறுக்கும், காசு சேரச் சேரத் தளர்த்தும். கம்பியையும் காயிலையும் வைத்தே இதையெல்லாம் செய்து முடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். கண்ணாடியைச் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் மெஷினைப் பிரித்துப்போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பார்க்கப் போகும்போது கண்ணாடியின் பின்பக்கத்தை முதலில் பார். பல்பு சூட்டில் பெயின்ட் உரிந்திருக்கும். துணியால் துடைத்துவிடாதே, உதிர்ந்துவிடும். வயர் எங்காவது வெட்டுப்பட்டிருக்கிறதா, சர்க்யூட் படம் உள்ளே இருக்கிறதா என்று கவனி. படம் இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேள். ஸ்டெப்பர்களில் பழைய கிரீஸ் அரக்கு மாதிரி இறுகியிருக்கும், ஆல்கஹால் போட்டுச் சுத்தம் செய்தால் பாதி வியாதி தீர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் எந்த வோல்ட்டுக்குக் கட்டியது என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகாதே. தூக்கும்போது மேல் பெட்டியைத் தனியாகக் கழற்றிவிடு, உன் முதுகுக்கு நல்லது.

கண்ணாடியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று நீ எழுதவில்லை. அதையும் பின்பக்கத்தின் நாலு போட்டோவையும் அனுப்பு. ஜூலையில் நாங்கள் ஆன்ட்வெர்ப் வருகிறோம். அதற்குள் கிரீஸைத் துடைத்து வை, மீதியை இருவரும் பார்ப்போம்.

அன்புடன்,
மூர்த்தி