பள்ளிக் கண் பரிசோதனையில் விளக்கைப் பற்றியும் ஒரு கேள்வி வேண்டும்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும், பள்ளிதோறும் சென்று மாணவர்களின் பார்வையைச் சோதிக்கும் கண் மருத்துவ உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் 2009 முதல் பள்ளி மாணவர்களின் கண்களைச் சோதித்து, தேவைப்படுவோருக்கு விலையில்லாமல் கண்ணாடி வழங்கி வருகிறீர்கள். கரும்பலகை தெரியாததாலேயே மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் பலர் அதனால் தலைநிமிர்ந்திருக்கிறார்கள். அந்தப் பணியில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. அந்தப் பரிசோதனைக்குப் பிடிபடாமல் நழுவிவிடும் ஒரு நோயைப் பற்றியும், அதிகச் செலவில்லாமல் அதை முன்கூட்டியே சந்தேகிக்க உதவும் ஒரு வழியைப் பற்றியும், அந்நோயோடு வாழ்பவன் என்ற முறையில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நோயின் பெயர் கெரட்டோகோனஸ். கண்ணின் முன்புறத்தில் உள்ள, ஒளி ஊடுருவும் கருவிழிப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உடையது. இந்நோயில் அது மேலும் மெலிந்து, தன் உருண்டை வடிவத்தை இழந்து, கூம்பாக முன்னே தள்ளிக்கொள்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, இருபதுகளில் முற்றி, நாற்பது வயதை ஒட்டித் தணிகிறது. 1854-ஆம் ஆண்டிலேயே ஜான் நாட்டிங்காம் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை விரிவாக விவரித்து எழுதிவிட்டார். நம் நாட்டில் இது அரிதானதும் அன்று. நாக்பூர் பகுதிக் கிராமங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 2.3 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. கருவிழியின் வளைவை மட்டும் அளவுகோலாகக் கொண்ட கணக்கு அது என்பதால் சற்று மிகையாக இருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சிறிய எண்ணிக்கை ஆகாது.

இந்நோய் உள்ளவர்களின் கண்ணுக்கு இரவு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் கோரிக்கையே அதிலிருந்துதான் எழுகிறது. எதிரே ஒரு பைக் வருகிறது. அதற்கு இருப்பது ஒரு முகப்பு விளக்குதான். நான் காண்பதோ, அந்த விளக்கையும் அதற்குக் கீழே சரிந்து தொங்கும் நாலைந்து மங்கலான விளக்குகளையும், அவை எல்லாவற்றிலிருந்தும் புறப்பட்டுச் சாலையின் பாதியை மறைக்கும் கதிர்களையும். இரு கண்களிலும் கூம்பு ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகையால் ஒரு கண்ணில் நேராகக் கீழிறங்கும் வால் மறு கண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். சிக்னலில் சிவப்பு எரிவது தெரியும், பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் வினாடி எண் எது என்பது தெரியாது. பேருந்தின் நெற்றியில் எல்இடி எழுத்துகளில் ஓடும் தட எண்ணும் ஊர்ப்பெயரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெறும் ஒளிப்பட்டையாகிவிடுவதால், பக்கத்தில் நிற்பவரிடம் "இது எந்த ஊர் வண்டிங்க?" என்று கேட்க நேரிடும், கையில் புத்தகத்தோடு நிற்கும் ஒருவருக்குப் படிக்கத் தெரியாதா என்று அவர் ஒரு கணம் ஏற இறங்கப் பார்ப்பார். கார்த்திகைத் தீபத்தன்று திண்ணையில் இடைவெளிவிட்டு வைத்த அகல்கள், தெருவிலிருந்து பார்த்தால் இடைவெளியே இல்லாத ஒரே சுடராகத் தெரியும்.

இதற்குக் காரணம் எளியது. ஒழுங்கான கருவிழி, ஒரு விளக்கிலிருந்து வரும் ஒளியை விழித்திரையில் ஒரே புள்ளியில் சேர்க்கும். கூம்பான கருவிழியில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதமாக ஒளியை வளைப்பதால் அந்தப் புள்ளி சிதறிப் பல பிம்பங்களாகிறது. கூம்பின் முனை பெரும்பாலும் நடுவுக்குச் சற்றுக் கீழே அமையும். பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் நடுப்பகுதியின் வழியே வரும் ஒளி மட்டுமே உள்ளே செல்லும். இருட்டில் கண்மணி விரியும்போது, கோணலான பகுதி வழியாக வரும் ஒளியும் சேர்ந்துகொள்ளும். கருப்புப் பின்னணியில் வெளிச்சமான பொருள் என்பதால் சிதறல் அத்தனையும் பளிச்சென்று தெரியும். உங்கள் பரிசோதனையோ பகலில், வெளிச்சமான வகுப்பறையில், வெள்ளை அட்டையில் அச்சிட்ட கருப்பு எழுத்துகளைக் கொண்டு நடக்கிறது. நோயின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வரியைப் படித்துவிடும், படித்தால் தேர்ச்சி. படிக்காவிட்டால் ஒரு கண்ணாடி, அடுத்த ஆண்டு சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவின் கோணலை ஈடுகட்டும் அளவு, கூடிய இன்னொரு கண்ணாடி. பவர் ஏன் இப்படி ஏறுகிறது என்று யாராவது கேட்கும்வரை இதுவே தொடரும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. பவர் மாறியதெல்லாம் அதிகம் படிப்பதால் வந்தது என்றே வீட்டில் நம்பினோம்.

தாமதம் ஏன் பெரிது என்றால், இந்நோயின் ஓட்டத்தை நிறுத்தும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் இழந்ததை அது திருப்பித் தராது. கண் மருத்துவமனைகளில் சி3ஆர் என்று சொல்கிறார்கள். ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அளவான புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, அதன் நார்களை இறுக்கும் முறை இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003-இல் வெளியாயின. வழக்கமான முறையில் இதைச் செய்யக் கருவிழியில் குறைந்தது 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) கனமாவது மிஞ்சியிருக்க வேண்டும். காலம் கடந்து வருபவருக்கு வாழ்நாள் முழுவதும் ஆர்ஜிபி என்னும் கடினமான கான்டாக்ட் லென்ஸ் அல்லது கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் பெரிய ஸ்க்லீரல் லென்ஸ் வேண்டும்; ஸ்க்லீரல் லென்ஸ் ஒரு ஜோடி பல்லாயிரம் ரூபாய் ஆகும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். இன்னும் முற்றினால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைதான்.

ஆகவே என் வேண்டுகோள், பரிசோதனைப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்பது: "இரவில் தூரத்தில் எரியும் ஒற்றை விளக்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், அது ஒன்றாகத் தெரிகிறதா, பலவாகத் தெரிகிறதா?" இரண்டு கண்களுக்கும் தனித்தனியே கேட்க வேண்டும். குறும்பார்வை உள்ளவருக்கும் விளக்கு விரிந்து தெரியும் என்பதால், சரியான கண்ணாடியை அணிந்த பிறகு எப்படித் தெரிகிறது என்பதே முக்கியம். கேட்காமல் எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லாது. எல்லோருக்கும் விளக்கு அப்படித்தான் தெரியும் என்றே அது எண்ணிக்கொண்டிருக்கும். சொல்லத் தெரியாத பிள்ளையை வரைந்து காட்டச் சொல்லலாம். சந்தேகம் எழுந்தால், உங்கள் பெட்டியிலேயே இருக்கும் ஊசித்துளை மறைப்பான் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியால் தீராத மங்கல் துளை வழியாகத் தெளிந்தால், அப்பிள்ளையை, கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் டோபோகிராபி வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைக்க அதுவே போதுமான காரணம். சென்ற ஆண்டு கொடுத்த கண்ணாடியின் அளவும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். சிலிண்டர் பவர் தொடர்ந்து ஏறும் பெயர்களை அதிலிருந்தே பிரித்தெடுக்கலாம். ஒவ்வாமையால் அரித்து ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளை வகுப்பாசிரியர் அறிவார், அப்பெயர்களையும் கேட்டு வாங்க வேண்டும்; கசக்குவது இந்நோயை வளர்க்கும்.

பள்ளியில் விட்டால் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அடுத்ததாக அரசு ஒருவரின் பார்வையைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 1, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகை தெரிகிறதா என்று கேட்கிறது. மாலைக்கண் உண்டா என்றும் கேட்கிறது. பகலில் எண் பலகை எனக்குக் கண்ணாடியோடு தெரிந்தது, மாலைக்கண்ணும் இல்லை. இரண்டுக்கும் உண்மையான பதிலை எழுதி உரிமம் வாங்கும் ஒருவர், இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வருவது ஒரு லாரியா இரண்டு லாரியா என்று தெரியாமல் ஓட்டக்கூடும். அந்தப் படிவத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. பள்ளிப் பரிசோதனைப் படிவம் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வியின் சொற்களை நான் எழுதியபடியே ஏற்க வேண்டும் என்பதில்லை. 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவு மருத்துவர்களிடம் கொடுத்தால், பிள்ளைகளுக்குப் புரியும்படி அவர்களே திருத்தித் தருவார்கள். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில், 8 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் கேட்டுப் பார்த்து, எத்தனை பேரை அனுப்ப நேர்ந்தது, அவர்களில் எத்தனை பேருக்கு நோய் உறுதியானது என்ற கணக்கை வெளியிட வேண்டுகிறேன். அடுத்த கல்வியாண்டுக்கான படிவங்கள் அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கெரட்டோகோனஸ் உள்ள ஒரு முன்னாள் அரசுப் பள்ளி மாணவன்