போர்டை மாற்றுமுன் சென்சாரை அளந்து பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குன்னூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் துணி உலராது. அலமாரியிலுள்ள புத்தகங்களின் முதுகில் பூஞ்சணம் படரும். மூச்சிரைப்பு நோயுள்ள என் தாயாரின் அறைக்காகவே, காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் டீஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கினோம். சென்ற மழைக்காலத்தில் அது இரவு பகலாக ஓடியும் அதன் தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீர்கூடச் சேரவில்லை. பின்புற வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயில் முழுவதையும் விரற்கடை கனத்துக்குப் பனிக்கட்டி மூடியிருந்தது.

பழுதுபார்க்க வந்தவர் எதையும் அளந்து பார்க்காமலேயே, கருவியை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டு போய்விட்டது என்று சொல்லி, கருவியின் விலையில் பாதியை நெருங்கும் தொகையைக் கேட்டார். மனம் ஒப்பாததால், வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பழகிய பக்கத்து வீட்டு அண்ணனின் உதவியை நாடினேன்.

இத்தகைய கருவிகளில் குளிர்ந்த அறையில் காயில் மேல் பனி உறைவது இயல்புதான். காயிலின் செப்புக் குழாயோடு ஒட்டி நிற்கும் மிளகளவுள்ள வெப்பச் சென்சார் அதை உணர்த்த, போர்டு, குளிர்வாயுவை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசரைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓட்டிப் பனியைக் கரைக்கும். எங்கள் கருவியில் அந்த நிறுத்தமே நிகழவில்லை. வடிகட்டியில் தூசி இல்லை, விசிறியும் நன்றாகச் சுழன்றது என்பதால் சந்தேகம் சென்சார் மீது விழுந்தது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே அண்ணன் மூடியைத் திறந்தார்.

அது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) காட்டும் வகை; குளிரக் குளிர அதன் மின்தடை ஏறவேண்டும். அறைக்காற்றை அளக்கும் இன்னொரு சென்சாரும் அதே வகையாக இருந்தது நல்லதாயிற்று. இரண்டையும் கழற்றிப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒன்றாக நனைத்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தபோது, காற்றுச் சென்சார் சீராக ஏறி 33 கிலோ ஓமில் நின்றது. காயில் சென்சாரோ 19ஐத் தாண்டாமல் அங்கேயே தடுமாறியது. உறைநிலையில் இருக்கும் குழாயை ஏறத்தாழ 11 டிகிரி என்று அது போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், போர்டு எப்படிக் கம்ப்ரசரை நிறுத்தும்? அதன் இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது; அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தும் அளவு மாறாததால், மேலுறைக்குள் ஈரம் இறங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம். அதே வகைச் சென்சாரைத் தேடி வாங்கி மாட்டினோம். கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குகூடச் செலவாகவில்லை. அன்றிரவே தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

எல்லோரும் மூடியைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உத்தரவாதக் காலத்தில் திறப்பது கூடாது. குளிர்வாயுக் குழாயில் கைவைப்பது எப்போதுமே ஆபத்து. ஆனால் பழுதுபார்க்க வருபவரிடம், சென்சாரை அளந்தீர்களா, எத்தனை கிலோ ஓம் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அளவைச் சொல்லாமல் போர்டை மாற்றச் சொன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வருபவையே. ஆகவே ஒவ்வொரு வெப்பநிலைக்கும் சென்சார் காட்டவேண்டிய மின்தடை அட்டவணையைக் கையேட்டில் அச்சிடுவதையும், சென்சாரைத் தனி உதிரிபாகமாக விற்பதையும் இக்கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அட்டவணைக்கு அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.