ஐந்தாம் எதிர்மனுதாரர் எழுதுவது

மயூர் விகார், தில்லி
நவம்பர் 16

அன்புள்ள மங்கை,

திட்டி முடித்துவிட்டு அப்புறம் படி. பேரனுக்குப் பெயர் வைக்கும் அன்று வருகிறேன் என்று டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு வராமல் போனேன். நீ நாலு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. முழங்கால் வலி என்று உன் பெண்ணிடம் சொன்னது பாதிப் பொய். வலி இருக்கிறது, ஆனால் அது இருபது வருஷமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். என் மேல் கேஸ். சிரிக்காதே. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு, அதாவது பல்கலைக்கழகம் மாதிரி அமைப்பின் முடிவை எதிர்த்து நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, அதில் நான் ஐந்தாம் எதிர்மனுதாரர். நோட்டீஸ் வந்தபோது தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டேன். ஹாஸ்டலில் வார்டன் அறை வாசலில் நாம் இரண்டு பேரும் நின்றோமே, அந்த ராத்திரிக்கு அப்புறம் எனக்கு வயிறு இப்படிக் கலங்கியதில்லை.

இரண்டு வருஷம் முன்பு, நான் ரிட்டயர் ஆன கையோடு, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு நிபுணராக வரச் சொன்னார்கள். பெயரைப் போனில் சொல்கிறேன். ஒரே ஒரு இடம். போனேன். கார் அனுப்பினார்கள், சால்வை போட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் கார் பிடித்திருந்தது.

நீ கல்லூரி வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டதால் இப்போதைய முறையைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2018-ல் போட்ட விதிப்படி பட்டம், பிஎச்டி, கட்டுரை, கற்பித்த அனுபவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். அது இன்டர்வியூவுக்குக் கூப்பிட மட்டும்தான். கதவைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அந்த மதிப்பெண்ணுக்கு மரியாதை இல்லை, இன்டர்வியூவில் எப்படிச் செய்தார்கள் என்பதை வைத்துத்தான் தேர்வு. துணைவேந்தர் தலைமை. வெளியிலிருந்து வரும் நிபுணர்களில் குறைந்தது இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால்தான் கூட்டமே செல்லும். அன்று நாங்கள் வந்ததே இரண்டு பேர். நான் எழுந்து போயிருந்தால் அன்றைக்குத் தேர்வே கிடையாது. இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

வந்தவர்கள் 41 பேர், ஒரே நாளில். காலையில் வந்தவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது, சாயங்காலம் வந்தவர்களுக்கு ஐந்து. மனு போட்டிருக்கும் பெண் ஐந்தரை மணிக்கு மேல் வந்தாள். பதினொரு வருஷம் தற்காலிக வேலை, யமுனைக் கரைச் சதுப்புகளில் இருக்கும் டயாட்டம்களை, கண்ணாடி மாதிரி ஓடு உள்ள நுண்பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவள் ஓட்டின் வரிகளைக் காற்றில் விரலால் வரைந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது சமோசா வந்தது. தட்டை வாங்கிக்கொண்டேன். துணைவேந்தர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். மங்கை, எனக்கு அந்த விரல் நினைவிருக்கிறது, பதில் நினைவில்லை.

தேர்வான பையன் மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். தெளிவாகப் பேசினான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நிபுணரும் அவனும் சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போது மனுவைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் உள்நோக்கம் என்று எழுதி, குழுவில் இருந்த எல்லோரையும் பெயர் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஒரு நாகர்கோவில் பையன் இருக்கிறான், வக்கீல். அவனிடம் கொண்டுபோனேன். "ஆன்ட்டி, கவலையே படாதீங்க, கோர்ட் நிபுணர்கள் பக்கம்தான் நிற்கும்" என்று ஒரு கட்டுத் தீர்ப்புகளை அச்செடுத்துக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் தாய் ஒரு பெங்களூர் வழக்கு. சென்ட்ரல் காலேஜில் ஆங்கில ரீடர், அதாவது பேராசிரியருக்கு ஒரு படி கீழே, அந்த நியமனம் செல்லாது என்று மைசூர் உயர் நீதிமன்றம் சொல்ல, மைசூர்ப் பல்கலைக்கழகம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1963-ல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு. நிபுணர்கள்மேல் உள்நோக்கம் என்று யாரும் சொல்லாதபோது, படிப்பு சம்பந்தமான முடிவை அவர்களிடமே விட்டுவிடுவதுதான் கோர்ட்டுக்கு நல்லது, அவர்களுக்குத்தான் அது தெரியும் என்கிறார். 47 வருஷம் கழித்து 2010-ல் அதே மைசூர்ப் பல்கலைக்கழகம், இந்தத் தடவை பட்டுப்புழு வளர்ப்புத் துறை ரீடர்கள், அதே பதில். மைசூர்க்காரர்களுக்கு இதே வேலை போலிருக்கிறது.

இன்னொன்று பெங்களூர் மனநல மருத்துவ நிறுவனம் நிம்ஹான்ஸ் வழக்கு. காரணம் எழுத வேண்டும் என்று விதி சொல்லாதவரை, ஏன் இவரை எடுத்தோம் என்று தேர்வுக்குழு எழுதி வைக்க வேண்டியதில்லையாம். அப்புறம் 1995-ல் ஒரு காஷ்மீர் வழக்கு. இன்டர்வியூவுக்கு வாய் திறக்காமல் போய் உட்கார்ந்துவிட்டு, கிடைக்கவில்லை என்றதும் முறை சரியில்லை என்று வரக்கூடாது. பல்கலைக்கழகத் தரப்பு இதைத்தான் முதலில் தூக்கிப்போடும் என்கிறான். சரி, ஆனால் நீயே சொல்லேன், துணைவேந்தர் முன்னால் நின்று "உங்கள் குழு சரியில்லை ஐயா" என்று எந்தப் பெண் சொல்லுவாள்?

எல்லாம் ஒரே பக்கம் என்றும் இல்லை. 1969-ல் கிரைபாக் வழக்கு. அதுவும் காஷ்மீர்தான், வனத்துறை அதிகாரிகள் தேர்வு. விண்ணப்பித்தவர்களில் ஒருவரே தேர்வுக்குழுவிலும் இருந்திருக்கிறார். தன் பெயர் வந்தபோது எழுந்து போய்விட்டார், போட்டியாளர்கள் பெயர் வந்தபோது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார். மொத்தத் தேர்வையும் அடித்தார்கள். 1980-ல் அலகாபாத் ஆங்கில ரீடர்கள் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கோர்ட் தயங்கத்தான் வேண்டும், ஆனால் பல்கலைக்கழகம் சட்டத்துக்கு மேலே இல்லை என்கிறார். அதில் 'உயர் இரண்டாம் வகுப்பு' என்றால் எத்தனை சதவீதம் என்று சுப்ரீம் கோர்ட்டே கணக்குப் போடுகிறது. நாம் மதிப்பெண் மாடரேஷனில் சண்டை போட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அதே 1980-ல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில் இன்டர்வியூவை டேப்பில் பதிவு செய்யலாமே என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அது மாணவர் சேர்க்கை, வேலை இல்லை. இருந்தாலும் படித்தபோது, நல்லவேளை அன்று பதிவு செய்யவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

பையன் சொன்ன ஆறுதல் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரம் யோசித்தேன். நீதிபதிக்கு டயாட்டம் தெரியாது, அதனால் தெரிந்தவளை நம்புகிறார். நியாயம்தான். கோர்ட்டே உட்கார்ந்து பேராசிரியர்களைப் பொறுக்க ஆரம்பித்தால் நாடு தாங்காது. ஆனால் அவர் நம்புகிற அந்தத் தெரிந்தவள் அன்று சாயங்காலம் அந்த அறையில் இல்லை. சமோசா தின்றுகொண்டிருந்தாள். எனக்கு உள்நோக்கம் ஒன்றும் கிடையாது. நோக்கமே கிடையாது, அதுதான் விஷயம். அதை எந்த ரிட்டில் கேட்பது? மனுவோடு அவள் கட்டுரைகளை இணைத்திருக்கிறாள், போன வாரம்தான் உட்கார்ந்து படித்தேன். நன்றாக இருக்கிறது, மங்கை. அதே கட்டுரைகள் அன்று என் முன்னால் இருந்த ஃபைலிலும் இருந்தன. நாடாவை நான் அவிழ்க்கவில்லை.

பல்கலைக்கழக வக்கீல் எனக்கும் சேர்த்துப் பதில் மனு தயார் செய்து அனுப்பியிருக்கிறார். "நிபுணர்கள் ஒவ்வொரு விண்ணப்பதாரரின் ஆய்வுகளையும் ஆழ்ந்து பரிசீலித்து" என்று ஆரம்பிக்கிறது. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நான் அந்த வரியைப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாளே போன். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், இது வழக்கமான வாசகம்." வழக்கமான வாசகம்தான், நானே எத்தனையோ மினிட்ஸில் எழுதியிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அவள் ஜெயித்தாலும் கோர்ட் பெரும்பாலும் வேலையைக் கொடுக்காது. திரும்ப இன்டர்வியூ நடத்து என்றுதான் சொல்லும். திரும்பவும் ஒரு கார் யாரையாவது ஏற்றிக்கொண்டு வரும். அந்தப் பையனும் இரண்டு வருஷம் பாடம் எடுத்துவிட்டான், போன மாதம் கல்யாணமாம்.

இத்தனையும் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். 1984-ல் உன் உப்புமா இன்டர்வியூ. நாற்பது வருஷமாக அதை வைத்து உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன், உன் கல்யாணத்தில்கூட. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அன்று மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்றாய். அதில் ஒரு அம்மாள் கடைசிவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், மொட்டை மாடியில், கரண்ட் போன ராத்திரி. அப்புறம் நீ அந்த அம்மாளைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை.

உன் வீட்டு வக்கீல் சாரிடம் இதைக் கேட்டு எழுது. பல்கலைக்கழகத்தோடு சேராமல் நான் தனியாக அஃபிடவிட் போடலாமா? என்ன நடந்ததோ அதை மட்டும், இத்தனை நிமிடம், ஃபைல் பிரிக்கவில்லை, இவ்வளவுதான் நினைவிருக்கிறது என்று. அதனால் அந்தப் பெண்ணுக்கு லாபமா, அல்லது நான் மட்டும் பாவ மன்னிப்பு வாங்கிக்கொள்வேனா? அவர் வழக்கம்போல "சரோஜாவுக்கு எதற்கு இந்த வம்பு" என்பார். அதற்கு அப்புறம் என்ன சொல்கிறார் என்பதை எழுது.

விசாரணை டிசம்பர் 9. மெட்ரோவில் போய்விடுவேன், பிரகதி மைதான் ஸ்டேஷனுக்கே இப்போது சுப்ரீம் கோர்ட் என்று பெயர், வழி தவறாது. புகை இந்த வருஷமும் கண்ணைக் கரிக்கிறது, காலை நடை நின்றுவிட்டது. இவர் சௌக்கியம், செவிட்டு மிஷின் மட்டும் போட மாட்டேன் என்கிறார். பொங்கலுக்கு வருகிறேன். நீ நம்ப வேண்டாம். நார்த்தங்காய் மட்டும் போட்டு வை.

உன்
சரோ