மே 26 மாலையை நாடகத்துக்குக் கொடுங்கள்: கொடைக்கானல் கோடை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பியும் மலைவாழையும் வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நாடகம் பேசி முடிக்கிற வேலை பல வருஷமாக என் தலையில்தான். அதனால் இந்த மடலில் ஒரு கோரிக்கையும் இருக்கும், அதை நிறைவேற்றப் போனால் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்களும் இருக்கும்.

கோரிக்கை இதுதான். வழக்கமாக மே மாதப் பின்பாதியில் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடத்துகிறீர்கள். மே 26 ஆச்சி மனோரமாவின் பிறந்தநாள். அந்த ஒரு மாலையை மட்டும் மேடை நாடகத்துக்கு விட்டுக்கொடுங்கள். பத்து நிமிஷ விழிப்புணர்வு நாடகத்தைச் சொல்லவில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், கதாநாயகனாக ராஜபார்ட், கதாநாயகியாக ஸ்திரீபார்ட், சிரிக்க வைக்கப் பபூன் என்று ஆள்கட்டோடு ஒரு 'வள்ளி திருமணம்' வேண்டும்.

மனோரமாவுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் மன்னார்குடியில் 1937-இல் பிறந்தவர். கோபிசாந்தா என்பது இயற்பெயர். அப்பா கைவிட்டதால் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர் வந்து சேர்ந்தார், வீட்டு வேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டு வயதுவாக்கில் பெண் மேடை ஏறிவிட்டது. மனோரமா என்ற பெயரே மேடையில் கிடைத்ததுதான். ஒரு நாடக இயக்குநரும் ஓர் ஆர்மோனியக்காரரும் சேர்ந்து வைத்தார்கள். அப்புறம் வைரம் நாடக சபா, அதற்குப் பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு. கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' படத்துக்கு அவரைக் கூப்பிட்டபோது வருஷம் 1958. அதாவது சினிமாவுக்கு வருவதற்கு முன்பே மேடையில் நன்றாகத் தேறிவிட்டார்.

காரைக்குடி, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல். எங்கள் மலைக்கிராமங்களுக்கு இன்றைக்கும் நாடகம் போட வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்காரர்கள். ஆச்சி கிளம்பிய மண்ணிலிருந்துதான் வருகிறார்கள் என்பதுதான் நான் சொல்லும் சம்பந்தம். இது போதாது என்றால், நாடகத்தில் கல்யாணம் கட்டுகிற மாப்பிள்ளை எங்கள் அடிவாரத்துப் பழனியிலேயே நிற்கிறார், பூம்பாறையில் குழந்தை வேலப்பராகவும் இருக்கிறார்.

இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். அதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். சாயங்காலம் வந்து இறங்குவார்கள், ராத்திரி பத்து மணிக்குத் திரை விலகும், விடியும்போது வள்ளிக்குக் கல்யாணம் முடிந்திருக்கும். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டுக்கு நடுவில் வருகிற பேச்சு அன்றைக்கு அங்கே பிறக்கிறதுதான். நாரதர் எதிர்பாராத ஒரு கேள்வியைப் போடுவார். வள்ளி வேடம் கட்டிய அம்மா முந்தானையைச் சரிசெய்கிற நேரத்துக்குள் பதில் கண்டுபிடிக்க வேண்டும். தடுமாறினால் முன்வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் விடமாட்டார்கள்.

ஆச்சி படங்களில் செய்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். நாகேஷோடும் சோவோடும் அவர் பேசும் காட்சிகளில் எதிராளி வாயை மூடுவதற்குள் இவர் பதில் வந்து விழும். தன் பாட்டைத் தானே பாடுவார். 'பொம்மலாட்ட'த்தில் அந்த 'வா வாத்தியாரே வூட்டாண்ட' அவர் குரல்தான். காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையை அப்படிப் பாடியிருக்கிறார். அதே 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி. அந்தப் பாத்திரமே ஒரு நாடக நடிகை. சிவாஜி, பத்மினி, நாகேஷ், டி.எஸ்.பாலையா என்று பெருங்கூட்டம் நிற்கிற படத்தில், கொஞ்ச நேரமே வருகிற ரமாமணியை ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது. சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே, இந்தப் பிழைப்பில் பெண்ணுக்கு என்ன பாடு என்பதையும் லேசாகக் காட்டிவிட்டுப் போவார். என்னைக் கேட்டால், தேசிய விருதே கொடுத்திருக்க வேண்டிய வேடம் அது.

தேசிய விருது பின்னால் வந்தது, 1989-இல் வந்த 'புதிய பாதை' படத்துக்குச் சிறந்த துணை நடிகையாக. பத்மஸ்ரீ 2002-இல். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்குக் கின்னஸில் பெயர் ஏறியது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று முதல்வரான ஐந்து பேரோடு மேடையிலும் திரையிலும் நடித்தவர். ஆகவே இந்தக் கோப்பு எந்த ஆட்சியில் எந்த மேசைக்குப் போனாலும் கையெழுத்து ஆகும் என்று நம்புகிறேன். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார்.

இவ்வளவு பெரியவருக்கு மரியாதை என்றால் உங்களுக்கு முதலில் தோன்றுவது எதுவென்று ஊகிக்க முடிகிறது. கார்னேஷனும் ரோஜாவும் வைத்து அவர் உருவத்தைச் செய்து வாசலில் நிறுத்தலாம். அழகாகத்தான் இருக்கும், செல்ஃபிக்கு வரிசை நிற்கும். தயவுசெய்து அதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடும் நிகழ்ச்சியும் வேண்டாம். ஆச்சி செய்த தொழிலை இன்றைக்கும் செய்கிறவர்கள் மலைக்குக் கீழே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து மேலே கூப்பிடுங்கள்.

சரி, கூப்பிட்டால் என்னென்ன வேண்டும்?

முதலில் நேரம். விடிய விடிய நடத்த முடியாது, புரிகிறது. மூன்று மணி நேரம் கொடுங்கள், அவர்களே சுருக்கிக்கொள்வார்கள். பபூனும் டான்ஸும் வரும் முதல் பகுதி இருந்தால் பிள்ளைகள் உட்காருவார்கள். வள்ளி நாரதர் தர்க்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், நாடகத்தின் உயிர் அங்கேதான். இன்னொன்று, நடுவில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தக் கூடாது. வேறோர் ஊர் விழாவில் பார்த்தேன். வள்ளி பாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அரைமணி நேரப் பேச்சு முடிந்தபோது அந்த அம்மா மேடை ஓரத்தில் முழு ஒப்பனையோடு நின்றுகொண்டே இருந்தார். திரும்ப மைக் கொடுத்தார்கள். விட்ட அடியிலிருந்தே எடுத்தார், அது அவர் பெருந்தன்மை.

அடுத்தது பனியும் மழையும். மே மாதச் சாயங்காலம் நம்மூரில் எப்போது மழை வரும் என்று யாருக்கும் தெரியாது, மேடைக்குக் கூரை அவசியம். ஈரம் ஏறினால் மிருதங்கத்தின் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். மிருதங்கக்காரர் காட்சி மாறும்போதெல்லாம் கல்லை எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டுவார், காதைக் கிட்டே கொண்டுபோவார், ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவார், திரும்பவும் தட்டுவார். ராத்திரி முழுக்க இதே வேலை. அவர் பக்கம் காற்று அடிக்காதபடி மறைப்புக் கட்டிக் கொடுத்தாலே பெரிய உபகாரம்.

பெண்கள் ஒப்பனை செய்யக் கதவுள்ள ஓர் அறை, ஒரு பெரிய கண்ணாடி, பக்கத்திலேயே கழிப்பறை. இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வருத்தம்தான், ஆனால் எழுதாவிட்டால் மறந்துபோகும். குடிக்க வெந்நீர் வையுங்கள். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் குளிரில் தொண்டை கட்டிக்கொள்ளும்.

வேனுக்கு இ-பாஸ் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். சீசனில் வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் வண்டி மாட்டினால் நாரதர் மட்டும் வந்து சேர்ந்து வள்ளி நடுவழியில் நிற்கிற நிலைமை வரும், ஆகவே மத்தியானமே மலையேறச் சொல்லுங்கள். ராத்திரி தங்க இடமும் வேண்டும். சம்பளத்தை ஒரு பங்கு முன்பணமாகவும், மீதியை நாடகம் முடிந்த கையோடும் கொடுக்க வேண்டும். பில் போட்டு மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் அடுத்த வருஷம் ஒருவரும் வரமாட்டார்கள்.

கடைசியாக அழைப்பிதழ். நாடக நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், ஆர்மோனியம் இன்னார் என்று படமும் பெயரும் ஊரும் போட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் இருக்கும். அரசு அழைப்பிதழில் பிரமுகர்களின் பெயர் ஒரு பக்கம் நிறைந்த பிறகு, அடியில் 'மற்றும் குழுவினர் வழங்கும் கலைநிகழ்ச்சி' என்று ஒரு வரி வரும். அந்த வரி இந்த முறை வேண்டாம். நடிக்க வருகிற அத்தனை பேரின் பெயரையும் ஊரோடு போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பிரமுகர்களில் நாலைந்து பேரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பண்ணைக்காட்டிலிருந்து ஒரு நாடக ரசிகன்