தெற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் பற்றி வந்த கட்டுரையில் "கனடா விண்டரில் வெயில் பார்க்க மட்டும்தான்" என்று ஒரு வசனம். எழுதியவர் ரொறன்ரோவில்தான் இருக்கிறாரா? தை மாதத்தில் வெயில் எறிக்கிற ஒரு மத்தியானம் வெளியே வந்து, ஏதாவது ஒரு வீட்டின் தெற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் ஸ்நோ முதலில் கரைவது அந்தச் சுவரோரம்தான். மைனஸ் 10இலும் செங்கல்லில் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். டிசம்பர் கடைசியில் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறாது, ஆகவே வெயில் கூரையை விடச் சுவரில்தான் நேராக விழும். உங்களுக்குத் தெரியாததா!

ஹீற் பம்ப் வெளிக்காற்றிலிருந்துதான் சூட்டை உறிஞ்சுகிறது. 8 பாகையில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு தருவது, மைனஸ் 15இல் இரண்டு தரவே திணறும். அதற்குப் போகிற காற்றைச் சுவர் வெயில் கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தால் கரண்ட் மிச்சம். நான் வேலை செய்த தொழிற்சாலையின் தெற்குச் சுவர் முழுக்கக் கறுத்தத் தகரம், அதில் ஊசித்துளைகள். பின்னால் சூடேறும் காற்றை ஃபேன் உள்ளே இழுக்கும். 'சோலார்வோல்' என்ற அந்தச் சாமான் இதே ரொறன்ரோவில் உருவானது. மொன்றியலில் கொன்கோர்டியா பல்கலைக்கழகம் 2009இலேயே அதன் மேல் மின்சாரத் தகடும் பொருத்தி, ஒரே சுவரில் கரண்டும் சூடும் எடுக்கிறது. அந்தக் காற்றை ஹீற் பம்ப்புக்கும் கொடுக்கலாம். இரவில் வெயில் இல்லையே என்பார்கள். இல்லைத்தான், பகலில் மிச்சம் பிடித்தது மிச்சம்தானே?

என் வீட்டில் ஹீற் பம்ப் பூட்ட வந்த தம்பி, நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல், வெயிலே எட்டாத வடக்கு ஒழுங்கையில் வைத்துவிட்டுப் போனார். "ஐயா, இது சோலார் இல்லை" என்று எனக்கு ஒரு பாடமும் எடுத்தார். ஒவ்வொரு விண்டரும் அது ஐஸ் பிடித்து, அதைக் கரைக்கவே கரண்டைத் தின்கிறது. அந்தக் கம்பனியை நான் எங்கே பார்த்தேன்? உங்கள் பத்திரிகையின் முழுப்பக்க விளம்பரத்தில். வாடகை ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கி, வீட்டு உறுதியிலும் பதிந்து வைத்தார்கள். அப்படிப் பதிவதை 2024இல் ஒன்ராறியோ அரசு தடை செய்தபோது உங்கள் பத்திரிகையில் ஒரு மூலைச் செய்திகூட இல்லை. விளம்பரம் மட்டும் வாராவாரம் வந்தது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, ஏதோ நான் பாராட்டியது போலப் போட்டீர்கள். சரி, அதை விடுவோம்.

இப்போது கேட்பது இரண்டே வரி. அந்த வசனம் தவறு என்று அடுத்த இதழில் போடுங்கள். விளம்பரத்துக்குக் கீழே இடம் இருந்தால் அங்கேயே போட்டாலும் எனக்குக் குறையில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, இன்னமும் காசு கொடுத்து வாங்கும் வாசகன்