வண்ணத்துக்குப் பின்னால்

ஆசிரியருக்கு,

கரீபியக் கடலிலுள்ள குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட் பற்றி எழுதுவோர் பலரும் ஹாண்டெல்ஸ்காடே தெருவின் வண்ணச் சுவர்களோடு நின்றுவிடுகிறார்கள். டச்சுக்காரர்கள் 1634-இல் பிடித்த தீவு அது. நகரம் 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. பழைய சுவர்களில் பவளக்கல் அதிகம், கல்லிலேயே உப்பு. ஈரம் ஏறும்போது உப்பும் மேலே வந்து படிகமாகிப் பூச்சை உரித்துத் தள்ளும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கேடு உள்ளுக்குள் பெருகும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி, அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் (செலவுதான்!).

அந்த மாளிகைகளின் செல்வத்தில் அடிமை வணிகத்துக்கும் பங்குண்டு. 1795 ஆகஸ்ட் 17-இல் சக அடிமைகளைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்த துலாவைச் சொல்லாமல் குராசோ வரலாறு ஏது? போர்த்துகீசியம், ஸ்பானியம், டச்சு, ஆப்பிரிக்க மொழிகள் கலந்த பாப்பியாமென்டுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்; 2007 முதல் அது அங்கே ஆட்சிமொழி.

– வாசகர், மதுரை