ஜெபர்சனின் கட்சி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்று அமெரிக்காவில் இருக்கும் குடியரசுக் கட்சி ஜெபர்சன் தொடங்கியதென்று உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர் பலர் எழுதிவிடுகிறார்கள். பெயர் செய்த குழப்பம் இது. ஜெபர்சனும் மடிசனும் தங்களைக் குடியரசுவாதிகள் என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அவர்களுடைய கட்சி 1820களில் உடைந்தது. அதில் பின்னாளில் ஜனாதிபதியான அன்ட்ரூ ஜக்சன் பக்கம் நின்றவர்களே இன்றைய ஜனநாயகக் கட்சியின் மூலவர்கள். இன்றைய குடியரசுக் கட்சி 1854இல், புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவுவதை எதிர்த்து எழுந்த வேறொரு கட்சி.

1787இல் வரைந்த அரசியலமைப்பில் கட்சி என்ற சொல்லே கிடையாது. அதன் விளைவு 1800இல் தெரிந்தது. ஜனாதிபதியைத் தெரிய மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவரும் இரண்டு பெயருக்கு வாக்களிக்க வேண்டும்; எது ஜனாதிபதிக்கு, எது உப ஜனாதிபதிக்கு என்று குறிக்க வழியில்லை. 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டதைப் பார்த்த வன்னி வாக்காளருக்கு, 1, 2 என்று இலக்கமிடுவதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. அந்த இலக்கம்தான் அங்கே இல்லாமற் போனது.

1796இல் சமஷ்டிவாதிகள் கட்சியின் ஜோன் அடம்ஸுக்கு 71 தேர்வாளர் வாக்கு, ஜெபர்சனுக்கு 68. எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவரும் ஜனாதிபதியாகவும் உப ஜனாதிபதியாகவும் ஒரே அரசில் அமர்ந்தார்கள். 1800இல் கட்சிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. சமஷ்டிவாதிகள் கவனமாக ஒரு வாக்கை ஜோன் ஜே என்பவருக்குத் திருப்பியதால், ஜனாதிபதிக்கு நிறுத்திய அடம்ஸ் 65, உப ஜனாதிபதிக்கு நிறுத்திய பிங்க்னி 64 என்று வரிசை நின்றது. ஜெபர்சன் தரப்பில் அந்த ஒரு வாக்கை விலக்க யாரும் இல்லை; 73 தேர்வாளரும் இரண்டு பெயரையும் எழுத, ஜெபர்சனும் அவர் தரப்பு உப ஜனாதிபதிக்கு நிறுத்திய ஆரன் பர்ரும் சமமாக வந்தார்கள்.

முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அதிலும் பெரும்பான்மை, தோற்றுப்போன சமஷ்டிவாதிகளிடம்! மாநிலத்துக்கு ஒரு வாக்கு, மாநிலங்கள் 16, தேவை 9. முதற் சுற்றில் ஜெபர்சனுக்கு 8, பர்ருக்கு 6. வெர்மொன்டும் மேரிலாந்தும் உள்ளுக்குள் பிளவுபட்டதால் அவற்றின் வாக்கு யாருக்கும் சேரவில்லை. 1801 பெப்ரவரி 11இல் தொடங்கி 35 சுற்று அசையவில்லை. 17ஆம் திகதி 36ஆவது சுற்றில் அவ்விரு மாநிலங்களின் சமஷ்டிவாதிகள் ஒதுங்க, ஜெபர்சன் 10 மாநிலங்களுடன் வென்றார். இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்ற 12ஆவது திருத்தம் 1804இல் வந்தது.

விடைத்தாளில் ஜெபர்சனின் கட்சியை ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்று எழுதுவதே நல்லது. அவர்கள் தங்களுக்கு வைத்த பெயர் அதுவல்ல என்றாலும், 1854இல் பிறந்ததோடு கலக்காது.

அரசியல் விஞ்ஞான ஆசிரியர்கள்,
நெடுங்கேணி.